மூடு போர்டு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குச் சொந்தமாகக் கிடைத்தது ஒரே ஒரு வரி. அதுவும் நான் எழுதியதில்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போகிற பேருந்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் போனில் கத்திய வரி:

"ஐயோ அக்கா, மூடு இல்லக்கா! மூட்... மூட்!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பழைய போர்வையில் சுற்றிய ஒரு பெரிய பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். அது பாதி வழியை அடைத்ததால் கண்டக்டர், "இன்னாம்மா, வூட்டுக் கதவையே கழட்டினு வந்துட்டியா?" என்றார். நான் திருக்கழுக்குன்றத்தில் இறங்கிவிட்டேன். உறவுக்காரர் வீட்டில் காதுகுத்து. (உங்களுக்குக் காது குத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். நிஜமாகவே காதுகுத்துதான், பிரியாணி போட்டார்கள்.)

அன்றிலிருந்து அந்த வரி என்னை விடவில்லை. மூடு இல்லை என்றால் எதை மூட வேண்டாம்? மறுமுனையில் இருந்த அக்கா யார்? தெரியாது. ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: "மாமல்லபுரக் கடலின்மீது சூரியன் மெல்லத் தன்..." [வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.]

தொடக்கம் இரண்டு: "ஜாக்குலின் கண்ணாடி முன் நின்று தன் முகத்தை..." [இதுவும் வேண்டாம். பாத்திரத்தைக் கண்ணாடி முன் நிறுத்துவது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம். ஆனால் ஜாக்குலின் என்ற பேர் நன்றாக இருக்கிறது, அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.]

வழி தெரியாமல் ஃபிளெக்ஸ் கடை பார்த்தசாரதியிடம் போய், 'மூட்' என்று கத்திய அந்தப் பெண்ணின் கையிலிருந்த பலகை என்னவாக இருக்கும் என்று கேட்டேன். இவர் கதைக்குள் வரமாட்டார், கேட்டுவிட்டு அனுப்பிவிடலாம்.

"அதுவா சார், மூட் போர்டு. டிசைன் வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி படம், கலரு, துணி, எழுத்து தினுசு எல்லாத்தையும் ஒரு பலகையில ஒட்டிப் பாக்கறது. இன்னா வரையப் போறோம்ன்றது அப்புறம். பாக்கறவனுக்கு மனசு எப்படி ஆவணும்ன்றது மொதல்ல. என் கடைக்கி அதெல்லாம் எதுக்கு? தலைவர் போட்டோ பெருசா இருந்தா போதும்."

வீட்டுக்கு வந்து நானும் ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்துப் பேருந்துச் சீட்டை ஒட்டினேன். பக்கத்தில் ஒரு கலங்கரை விளக்கம் படத்தை ஒட்டி, பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். இரண்டு நெத்திலிக் கருவாடு வைத்தேன். வீட்டில் திட்டு விழுந்தது. அந்தத் திட்டில்தான் கதை பிடிபட்டது.

3

ஜாக்குலினின் அப்பா சின்னையன், சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறார். அவருடைய அப்பாவுக்கு நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பது அடுத்தவர் வரப்பில் போய் நின்றால்தான் தெரியும். அதனால் சின்னையனுக்கு மாதாமாதம் வேலை என்றால் சாமிக்குச் சமம். மகள் சென்னைக்குப் போய் டிசைன் படித்தபோது மறுப்புச் சொல்லவில்லை. படித்து முடித்து ஒரு வருடம் மாடி அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"படம் போடறது தப்பில்லம்மா. ஒருத்தராவது இது எங்களுக்கு வேணும்னு சொல்லணும்ல? கம்பெனி ரிசப்ஷன்ல ஆள் கேக்கறாங்க, சொல்லி வெச்சிக்கீறேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒருத்தர் சரின்னட்டும், நான் வாயே தொறக்கல. இல்லாங்காட்டி திங்கக்கெழமை காலையில நம்ம வேன்ல ஏறு."

"சரிப்பா," என்றாள் ஜாக்குலின். வேறு என்ன சொல்வாள்? அதுவரை மூன்று பேருக்கு டிசைன் போட்டுக் காட்டியிருந்தாள்: ஒரு பேக்கரி, ஒரு டியூஷன் சென்டர், கடற்கரையோர விடுதி ஒன்று. மூன்று பேரும் வாட்ஸப்பில் ஒரே சொல்லைத்தான் அனுப்பினார்கள்: வேண்டாம். மூன்று தடவையும் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பிவிட்டு, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஏன் வேண்டாம் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே என்று பயம்.

நாலாவதாக வந்தவர்கள் புதுப்பட்டினத்துப் பெண்கள், ஐந்து பேர். சேர்ந்து கருவாடு போட்டு விற்கிறார்கள். பஜாரில் ஒரு கடை பிடித்திருக்கிறார்கள், அடுத்த மாதம் திறப்பு. பாக்கெட்டுக்கு ஒரு பேரும் படமும் வேண்டும். அதில் ஒருத்தி, வச்சலா, எங்கேயோ ஒரு ஞானஸ்நானப் பத்திரிகையில் ஜாக்குலின் வரைந்த மீனைப் பார்த்துவிட்டு நம்பர் தேடிக் கூப்பிட்டாள். "மீனுக்கு வயிறு சரியா போட்டுக்கீறம்மா. எல்லாரும் மீனுக்கு வயிறே போடமாட்றாங்க," என்றாள். ஒரு வருடத்தில் ஜாக்குலினுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

4

சனிக்கிழமை மாலை ஜாக்குலின் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "அக்கா, நாளைக்கு மூட் போர்டு எடுத்துகினு வரேன். மொதல்ல அத்த பாத்துடுங்க, மத்த வேலையெல்லாம் அப்புறம்."

வச்சலா அதை ஸ்பீக்கரில் போட்டாள். பக்கத்தில் காரப்பொடி மீன் உலர்த்திக்கொண்டிருந்த சம்பூர்ணத்துக்குக் கை நின்றுவிட்டது. ஐவரில் மூத்தவள் அவள்தான், வாயும் அவளுக்குத்தான் பெரிசு.

"இன்னாது, மூடு போர்டா? கடையே இன்னும் தொறக்கல, அதுக்குள்ள மூடு போர்டு எழுதினு வராளா? வாயக் கழுவச் சொல்லு அந்தப் பொண்ண!"

"இல்ல அத்தே, பெரிய கடையில எல்லாம் தொங்குமே, ஒரு பக்கம் தொறந்துகீதுன்னு, மறுபக்கம் மூடிகீதுன்னு. அதுவா இருக்கும்," என்றாள் வச்சலா.

"அப்போ தொறந்த பக்கத்த மொதல்ல காட்டச் சொல்லு!"

விடிந்ததும் வச்சலா போன் போட்டாள். ஜாக்குலின் அப்போதுதான் பேருந்தில் ஏறியிருந்தாள். "மூடு போர்டு வாணாம்மா, அபசகுனமா கீதுன்றாங்க." அதற்குப் பதிலாகத்தான் ஜாக்குலின் அந்த வரியைக் கத்தினாள். அதற்கு மேல் அவள் சொன்னது என் காதில் விழவில்லை, இப்போது விழவைக்கிறேன்:

"மூட்னா மனசுக்கா. ஒரு ஃபீலிங்."

"ஃபீலிங்கா? கருவாட்டுக்கு இன்னாம்மா ஃபீலிங்கு? அது செத்து நாலு நாளாவுது."

5

பஜார் முடிந்த மத்தியான நேரம், கருவாடு காயப்போடும் இடத்தில், நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே பலகையைப் பிரித்து நிமிர்த்தி வைத்தாள் ஜாக்குலின். இரண்டு இரவு உழைத்தது. கண்ணாடி மாதிரி நீலக் கடல், கயிறு சுற்றிய நங்கூரம், மாமல்லபுரக் கோயில் மூடுபனியில், வெள்ளைத் தட்டில் எலுமிச்சைத் துண்டு, ஓரமாய் நாலு வெளிர் வண்ணங்கள். எல்லாம் நெட்டிலிருந்து எடுத்தவை.

பெண்கள் கிட்டே வந்து பார்த்தார்கள்.

"இது எந்த ஊரு கடலு?"

"தெரிலக்கா. வெளிநாடு."

"அதானே பாத்தேன். நம்ம கடலு எந்தக் காலத்துல இவ்ளோ சுத்தமா இருந்துச்சு?"

"இந்தக் கோயிலு எதுக்கு?"

"மகாபலிபுரம்க்கா. நம்ம ஏரியா அடையாளம்."

"அங்க கருவாடா விக்கிறாங்க?" என்றாள் சம்பூர்ணம். "இந்த எலுமிச்சங்காயப் பாரேன். கருவாட்டுக்கு எவ எலுமிச்சங்கா புழிவா? வாணாம்மா, வாணா. இத்தப் பாத்தா ஆஸ்பத்திரி மாதிரி கீது."

எல்லாரும் சிரித்தார்கள். ஜாக்குலினும் சிரிக்கப் பார்த்தாள். பிறகு போர்வையை எடுத்துப் பலகையைச் சுற்ற ஆரம்பித்தாள். நாலாவது. அவ்வளவுதான். திங்கட்கிழமை வேன்.

[இங்கே எனக்கே கோபம் வந்தது. இப்படியா ஒரு தொட்டாற்சிணுங்கியைப் படைப்பேன்? வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன்: "ஜாக்குலின் நிமிர்ந்து நின்று, 'உங்களுக்கு டிசைனைப் பற்றி என்ன தெரியும்' என்று..." இல்லை. அப்படிக் கேட்கிறவள் பேக்கரிக்காரரிடமே கேட்டிருப்பாள். அவளால் கேட்க முடியாது. அதுதான் அவள். அதை நான் மாற்றினால் வேறு பெண் வந்துவிடுவாள்.]

ஆகவே அவளை மாற்றாமல் சம்பூர்ணத்தை நகர்த்தினேன். ஜாக்குலின் போர்வையை இழுத்தாள், வரவில்லை. மறுமுனையில் சம்பூர்ணம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் ஏந்திரிங்க பெரிம்மா."

"எங்க ஓடற? கண்ணு இன்னாத்துக்கு கலங்குது? படத்ததான வாணான்னேன், ஒன்ன யாரு வாணான்னா? உக்காரு. சோறு துன்னு. அப்பாலிக்கா இந்தப் பலகைய இன்னா பண்ணலாம்னு பாப்போம்."

ஜாக்குலினுக்கு அதுவரை யாரும் அந்த வித்தியாசத்தைச் சொன்னதில்லை. குழம்பு காரமாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று, கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதைக் காரணம் காட்டிக்கொண்டாள்.

6

சாப்பிட்ட கையோடு சம்பூர்ணம் பலகையிலிருந்த வெளிநாட்டுக் கடலைப் பிய்த்தாள். அந்த இடத்தில் தார்ப்பாயின் கிழிந்த மூலையைக் குத்தினாள். "தோ, இதான் எங்க நீலம்." வச்சலா பச்சை நைலான் வலையில் ஒரு துண்டு வெட்டிவந்தாள். இன்னொருத்தி மீன் கூடையின் உடைந்த விளிம்பைக் கொண்டுவந்தாள், ரோஸ் என்றால் கண் கூசுகிற ரோஸ். நங்கூரம் போன இடத்தில் நாலு நெத்திலிக் கருவாட்டை ஊசியால் குத்தினார்கள். வெயில் பட்டு வெள்ளியாக மின்னியது. அந்த ரோஸ், அந்தப் பச்சை, அந்த வெள்ளி: சென்னையில் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் பார்த்தால் மயக்கம் போட்டிருப்பார். ஜாக்குலினுக்கோ மனசு துள்ளியது.

துள்ளிய வேகத்தில் அவள் வாயிலிருந்து, வாழ்நாளில் முதல் தடவையாக, அந்தக் கேள்வி வந்தது.

"அக்கா, உங்க கருவாட்ட வாணான்னு சொல்றவங்க, ஏன் சொல்றாங்க?"

"கல்பாக்கம் டவுன்ஷிப்புல கீற ஆபிசருங்கதாம்மா," என்றாள் வச்சலா. "புடிக்கும். உசுரு. ஆனா வாசன பேஜாருன்றாங்க. பஸ்ல கொண்டுபோவ முடில, பாதி போட்டுட்டு மீதிய வூட்ல வெச்சிக்க முடில, பக்கத்து வூட்டுக்காரங்க கதவத் தட்றாங்களாம்."

[இந்த இடத்தில் ஒரு பூனை வேண்டும். கருவாட்டுக் கதையில் பூனை வருவது தெரிந்த சங்கதிதான், ஆனால் கருவாட்டைப் பலகையில் குத்திவைத்துவிட்டுப் பூனை வராது என்றால் நீங்கள்தான் என்னை நம்பமாட்டீர்கள்.]

பூனை வந்தது. பலகையில் ஏறியது. பலகை வச்சலாவின் காலில் விழுந்தது. இரண்டு நெத்திலி போச்சு. ஜாக்குலின் பையிலிருந்து மாதிரிக்குக் கொண்டுவந்த ஜிப் பாக்கெட் ஒன்றை எடுத்து, மிச்ச நெத்திலியை உள்ளே தள்ளினாள். பூனை மறுபடியும் பாய்ந்து வந்தது.

"மூடு! மூடு! அத்த மூடுடீ!" என்று சம்பூர்ணம் கத்தினாள்.

ஜாக்குலின் விரலால் அழுத்தி ஓட்டினாள். பாக்கெட் மூடிக்கொண்டது. பூனை பக்கத்தில் வந்தது, மோந்து பார்த்தது, ஒரு சுற்று சுற்றியது, யார் வீட்டு விருந்தோ என்பதுபோல் வேறு பக்கம் நடந்துபோனது.

வாசனை வெளியே வரவே இல்லை. பிறகு ஜாக்குலின் மார்க்கரைத் திறந்து, பலகையின் நடுவில் பாக்கெட்டை வைத்து, அதன்மேல் பெரிதாக எழுதினாள்: மூடு. 'டு'வின் கீழ்ச்சுழியை இழுத்து இழுத்து, ஒரு கோடாக, பாக்கெட்டின் வாய் முழுக்க ஓட்டினாள்.

"யம்மா, கடைக்கு இப்டி பேர் வெச்சா வெளங்குமா?" என்றாள் வச்சலா.

நேற்று வாயைக் கழுவச் சொன்ன சம்பூர்ணமே பதில் சொன்னாள். "கடைய யாரு மூடச் சொன்னா? பாக்கெட்ட மூடு. பக்கத்து வூட்டுக்காரி வாய மூடு. ஷோக்கா கீதுடீ! ஆனா நாம சொன்னா ஆச்சா? தலைவி பாக்கணும். அவ சொன்னாதான் சரி."

7

ஐவரில் ஒருத்தியான குழுத் தலைவி, மகளைப் பார்க்க வேடந்தாங்கல் போயிருந்தாள். சாயந்திரம்தான் வருவாள். பலகையை அங்கேயே விட்டுவிட்டு, "தலைவி சொன்னதும் மெசேஜ் போடறேம்மா" என்ற வச்சலாவின் வாக்கை வாங்கிக்கொண்டு, ஜாக்குலின் நாலு மணிப் பேருந்தைப் பிடித்தாள்.*

* தலைவியின் பேரை யாரும் ஜாக்குலினிடம் சொல்லவில்லை. அவள் அங்கே இருந்தவரை 'தலைவி' என்றே சொன்னார்கள். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அவள் பேர் வேண்டா. வீட்டுக்கு நாலாவது பெண். பெண் பிறந்தது போதும், இனி வேண்டா என்று சாமிக்குச் சொல்ல அவள் அப்பா வைத்த பேர். நம் பக்கத்தில் அப்படிப் பேருள்ளவர்கள் இருக்கிறார்கள், உங்கள் ரேஷன் கடை வரிசையிலேயே ஒருத்தர் இருக்கலாம்.

ஐந்து மணிக்கு வேண்டா வந்தாள். இதை ஜாக்குலின் பார்க்கவில்லை, நீங்கள் பாருங்கள். பலகையைப் பார்த்தாள். பாக்கெட்டைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள். பூனைக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பேருதான் ஒரு மாதிரி கீதுன்னு பாக்கறோம்," என்று வச்சலா இழுத்தாள்.

"எம் பேரு மட்டும் இன்னாவாம்?" என்றாள் வேண்டா. "எங்கப்பன் வெச்ச பேருக்கு நான் வெளங்காமலா பூட்டேன்? அஞ்சு பேருக்குத் தலைவியா ஒக்காந்துகினு கீறேன். இந்தப் பேரே இருக்கட்டும். அந்தப் பொண்ணே எல்லாத்தையும் போடட்டும். நாளைக்கே வரச் சொல்லு."

வச்சலாவுக்குச் சந்தோஷத்தில் கை ஓடவில்லை. போனை எடுத்து, என்ன எழுத என்று கேட்டாள். சம்பூர்ணம், "வேண்டா சொல்லிட்டான்னு போடு, நாளைக்கே வரச் சொல்லிப் போடு," என்றாள். முதல் பாதியை அடித்து அனுப்பியதுமே மழை வந்துவிட்டது. போனைப் பந்தலில் போட்டுவிட்டு ஐந்து பேரும் கருவாட்டை அள்ள ஓடினார்கள். (மழை நான் பெய்வித்ததுதான். பாவம் என்மேல்.)

8

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஜாக்குலினின் போன் அதிர்ந்தது.

"வேண்டா சொல்லிட்டா"

அவள் இரண்டு தடவை படித்தாள். கடைசியில் ஒரு 'ம்' விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தாள். தலைவி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நாலாவது தடவையும் அதே சொல், அதே வாட்ஸப். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரோஸ் கூடையும் பச்சை வலையும் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்றன. இந்த ஒரு வேலையை அவள் நிஜமாகவே ஆசைப்பட்டாள்.

கொஞ்சம் நிதானித்தால் அவளுக்கே தெரிந்துவிடும். அன்று முழுக்க அந்தக் கரையில் ஒருத்தர் வாயிலாவது வேண்டாம் வந்ததா? வாணா, வாணா என்றுதானே சொன்னார்கள்? அவள் அப்பாவும் அப்படித்தான் சொல்வார், அவளும் அப்படித்தான். ஆனால் மனசு நொந்த பிள்ளைக்கு இலக்கணம் ஓடுமா?

முடிவு ஒன்று. அவள் திரும்பக் கூப்பிடுகிறாள்.

"அக்கா, ஏன்க்கா வாணான்னாங்க?"

"யாரு வாணான்னது? வேண்டாதாம்மா சொல்லிச்சு!"

"அதான்க்கா கேக்கறேன், ஏன் வேண்டான்னு சொன்னாங்க?"

"ஐயோ, வேண்டா வாணான்னு சொல்லலம்மா! வேண்டா வேணும்னு சொல்லிச்சு!"

இதை எழுதும்போது நானே சிரித்துவிட்டேன். எனக்கு இந்த முடிவுதான் பிடித்திருக்கிறது. ஆனால் அவள் கூப்பிட்டால்தானே? ஏன் என்று கேட்கத் தெரியாத பெண்ணாக அவளை எழுதித் தொலைத்தவன் நான். கருவாட்டைப் பற்றி ஒரு தடவை கேட்டாள், சரி. தன்னைப் பற்றிக் கேட்பாளா?

முடிவு இரண்டு. வழக்கம்போலக் கைகூப்பும் பொம்மையை அனுப்புகிறாள். மழை விட்டு வந்து வச்சலா அதைப் பார்க்கிறாள். "பொண்ணு நன்றி சொல்லிக்கீது பாரேன், எவ்ளோ மரியாதை!" என்று ஐவரும் பூரித்துப்போகிறார்கள். மீதி மெசேஜை மறந்தேபோகிறார்கள். திங்கட்கிழமை புதுப்பட்டினத்தில் அவளுக்குச் சேர்த்து உலை வைக்கிறார்கள். அவள் வேனில் ஏறுகிறாள். [இதைக் கிழித்துப் போட்டேன். கிழித்தாலும் இது நடக்கக்கூடியதுதான் என்று எனக்குத் தெரியும், அதுதான் கஷ்டம்.]

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. இருந்தாலும் எழுதமாட்டேன். நான் குறுக்கே விழுந்து அவள் விரலைப் பிடித்துப் பச்சைப் பொத்தானை அமுக்கினால், அது அவள் கேட்டதாக ஆகாது.

இப்போது அவள் போனை மறுபடி நிமிர்த்தியிருக்கிறாள். ஒரு ஓரத்தில் கைகூப்பும் பொம்மை, இன்னொரு ஓரத்தில் கூப்பிடுகிற பொத்தான். விரல் நடுவில் நிற்கிறது. வேண்டா என்பது ஒரு பெண்ணின் பேர் என்று இந்தப் பேருந்தில் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். என்னால் அவளிடம் பேச முடியாது. உங்களுக்கென்ன தடை? தோளைத் தொட்டு, "ஏன்னு ஒரு வார்த்த கேட்டுப் பாரும்மா" என்று சொன்னால் போதும், பேரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சொல்வதானால் சட்டென்று சொல்லுங்கள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது, சின்னையன் நாளைக்கு அவள் போட்டுக்கொள்ள இஸ்திரி போட்ட சுடிதாரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.